ஆப்ரிகாட் மரமும் அதன் அவசரப் பூக்களும்

என் தோட்டத்து ஆப்ரிகாட் முதன்முறையாகக் கிளை தெரியாமல் பூத்த ஆண்டில், நான்காம் நாள் காலையில் ஒரு பூவைக் கிள்ளிப் பிரித்துப் பார்த்தேன். இதழ்கள் வாடாமல் இருந்தன. நடுவிலிருந்த சூலகம் மட்டும் கருகிப் போயிருந்தது. முந்தைய இரவில் உறைபனி இறங்கியிருந்தது. அவ்வாண்டு ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.

குளிருக்கு அஞ்சும் மரம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. இலை உதிர்த்து உறங்கும் ஆப்ரிகாட் கடுங்குளிரைத் தாங்குவதோடு, மொட்டுகள் ஒழுங்காக விழிப்பதற்கு, ரகத்தைப் பொறுத்து, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிரையும் கேட்கிறது. அந்தக் கணக்கு முடிந்த பின் சில நாள் வெயில் அடித்தாலே, மற்ற பழமரங்களை முந்திக்கொண்டு பூத்துவிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. விரிந்த பூ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகத் தொடங்கும்.

ஆகவே, எந்த ரகம் என்று யோசிப்பதற்கு முன்பே எந்த இடம் என்று யோசிக்க வேண்டும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்தில் தேங்கும் என்பதால் தாழ்வான மூலையைத் தவிர்த்து, மேட்டுப் பகுதியில் நடுவது நல்லது. பள்ளத்தில் நட்டதே நான் செய்த முதல் பிழை. அடுத்துத் தேர்ந்த இடம் வெயில் நிறைந்ததாக இருந்தாலும், ஒன்றரை அடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். மறுநாளும் நீர் வடியாமல் நின்றது. வேரில் ஈரம் தேங்குவதை இம்மரம் பொறுக்காது. ஆகவே மண்ணை அகலமான மேடாகக் கூட்டி, அதன்மேல் நட்டேன்.

விதையிலிருந்து வரும் மரம் தாய்மரத்தின் பழத்தையே தரும் என்று சொல்ல முடியாது, ஒட்டுக்கன்றே நம்பகமானது. மரம் உறங்கும் பருவத்தில், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடவேண்டும். உரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தழைச்சத்து மிகுந்தால் தளிர்தான் பெருகும்.

பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியவை. ஆனால் அந்தக் குளிரில் தேனீக்கள் அதிகம் வருவதில்லை. அதனால் நண்பகல் வெயிலில் மென்மையான தூரிகையால் பூவுக்குப் பூ மெல்லத் தொட்டுக்கொண்டு போகிறேன். உறைபனியிலிருந்து பூக்களைக் காக்க மாலையில் மெல்லிய துணியால் மரத்தை மூடி, காலையில் தவறாமல் எடுத்துவிடுகிறேன். சிறிய மரத்துக்குத்தான் இது சாத்தியம், ஆகவே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து மரத்தை உயரம் குறைவாகவே வைத்திருக்கிறேன்.

கவாத்தைக் குளிர்காலத்தில் செய்யலாகாது. ஈரமும் குளிரும் சேர்ந்த நாளில் வெட்டிய காயத்தின் வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைந்து கிளையையே காயவைத்துவிடும். ஒருமுறை அவசரப்பட்டு வெட்டிய இடத்தில், தேன் நிறத்தில் பிசின் முத்து முத்தாகக் கசிந்து, அந்தக் கிளை அடுத்த கோடையில் பட்டுப்போனது. அறுவடை முடிந்த பின், வறண்ட கோடை நாளே அதற்கு ஏற்றது.

பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவு வந்ததும் இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கை கூசும், ஆயினும் கிள்ளாத கிளையின் பழங்கள் சிறுத்தே போகின்றன. பறித்த பின் பழம் மென்மையாகுமே தவிர இனிப்பு கூடாது என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல், விரலால் அழுத்தினால் சற்றே இளகும் வரை காத்திருந்து பறிக்கிறேன்.