ட்றிப் சுவிட்சை இறக்கியும் எரிந்த லான் போர்ட்டுகள்

ஐப்பசி இடிமழை எங்களுக்குப் புதிதில்லை. மின்னத் தொடங்கினால், களுவாஞ்சிக்குடியில் நான் நடத்துகிற கணினி வகுப்பின் ட்றிப் சுவிட்சை இறக்கிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே இருத்திவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். பக்கத்து வளவுத் தென்னையில் இடி விழுந்து காது அடைத்தது. கரண்ட்தான் நிற்பாட்டியாச்சே என்ற தைரியத்தில் இருந்தேன்.

விடிய வந்து கரண்டைப் போட்டுப் பார்த்தால் ஏழு கணினியில் ஒன்றுக்கும் இன்டர்நெட் இல்லை. கணினிகளின் வயர்களை ஒன்றாக இணைக்கிற நெட்வேர்க் சுவிட்ச் பெட்டியில் எல்லா லைட்டும் சிமிட்டாமல் எரிந்தபடி. லைட் எரியுதுதானே என்று அதை விட்டுவிட்டு, றவுட்டரோடு இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். பதில் வருகிறதா என்று பார்க்க 127.0.0.1க்கு பிங் (சோதனைச் செய்தி) அடித்தேன், பதில் வந்தது. கணினியை நெட்வேர்க் வயரோடு இணைக்கிற லான் கார்ட் தப்பிவிட்டது என்று சந்தோசம் வேறு! அந்தப் பிங் கணினிக்குள்ளேயே சுற்றி வருவது, கார்டைத் தொடுவதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மட்டக்களப்பு டவுனில் கணினி திருத்துகிற அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். "எல்லாத்தையும் கழட்டு தம்பி. ஒரு றவுட்டர், ஒரு புது வயர், ஒரு கொம்பியூட்டர். அவ்வளவுதான்."

முன்கட்டடத்தில் இருந்த றவுட்டரைக் கணினிகள் இருக்கிற பின்கட்டடத்துக்குத் தூக்கிப்போய் ஒவ்வொன்றாகக் கொழுவினேன். மூன்று தப்பியிருந்தன. இரண்டில் போர்ட் லைட்டே இல்லை. இன்னொன்று லைட்டைக் காட்டிக்கொண்டே 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நின்றது. றவுட்டர் முகவரி தராதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்வது அது. ஏழாவது 10 எம்பிபிஎஸ் என்ற மெதுவான வேகத்தில் மட்டும் பிடித்தது.

கரண்ட் இல்லாத அறையில் எப்படி எரிந்தது? நெட்வேர்க் சுவிட்சைப் பிரித்தேன். முன்கட்டடத்திலிருந்து முற்றத்துக்கு மேலால் இழுத்த 40 மீற்றர் செப்பு வயர் வந்து சேரும் போர்ட்டுக்குப் பின்னால், சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று வெடித்து, பச்சைப் பலகையில் கரிக்கோடு இழுத்திருந்தது. ட்றிப் சுவிட்ச் கரண்டை வெட்டும், எர்த்தை வெட்டாது. முற்றத்து வயரில் ஏறிய இடியின் மின்சாரம் நெட்வேர்க் சுவிட்சைத் தாண்டி லான் போர்ட்டுகளுக்குள் புகுந்து, கணினிப் பெட்டியின் எர்த் வழியாக நிலத்துக்கு இறங்கியிருக்கிறது.

நெட்வேர்க் சுவிட்சை மாற்றி, செத்த மூன்றுக்கும் யூஎஸ்பியில் செருகுகிற லான் கார்ட் போட்டேன். முற்றத்துக்கு இப்போது ஃபைபர், இரண்டு பக்கமும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றுகிற மீடியா கன்வேட்டர்; கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. கடையில் முதலில் தந்த ஃபைபரில் பாரம் தாங்க ஓர் இரும்புக் கம்பியும் கூடவே ஓடியது. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பி இல்லாததை வாங்கினேன்.

அந்த 10 எம்பிபிஎஸ் கணினி அப்படியே இருக்கிறது. டைப்பிங் பழகுகிற சின்னவர்களை அதில் இருத்துகிறேன். வீடியோ ஓடுதில்லை என்று அவர்களுக்குத்தான் கோபம்.