காரணக் கட்டத்தில் ஒரு வரி

எங்கள் காப்பீட்டு அழைப்பு மைய ஊழியர் ஒருவரின் அழைப்பை மதிப்பிட்டு எழுதிய அந்தக் குறிப்பை நான் நீக்கவில்லை. நீக்கும்படி கேட்டபோது அவர் குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவுமில்லை. "மதிப்பெண் அடுத்த மாதம் மாறிவிடும். நீங்கள் எழுதியது என் கோப்பில் அப்படியே கிடக்கும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். ஆனாலும் அந்த வரி இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

வரி இதுதான்: "ஊழியரின் கிழக்கு டென்னசி உச்சரிப்பை மென்பொருள் சரியாகப் பதிவுசெய்யவில்லை. சொல்ல வேண்டிய அனைத்தையும் அவர் சொல்லியிருக்கிறார்." இதில் எந்தச் சொல் குற்றம் சாட்டுகிறது? எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை. அவரைக் காப்பாற்ற எழுதிய வரி அது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த அழைப்புக்குப் பூஜ்யம். அந்த மாத ஊக்கத்தொகையும் போயிருக்கும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு கோரிக்கை மறுக்கப்பட்டால், 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு என்பதை அழைத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கில் வராது. இப்போது எல்லா அழைப்புகளையும் முதலில் மென்பொருள் எழுத்தாக்குகிறது. அந்த வாசகத்தைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் பூஜ்யம் போட்டு என் போன்ற தர மதிப்பீட்டாளரிடம் தள்ளிவிடுகிறது. அன்று எனக்கு வந்த அழைப்பில் பேசியவர் கிழக்கு டென்னசி மலைப்பகுதியில் உள்ள ஹான்காக் கவுண்டியைச் சேர்ந்த ஒரு முதியவர். மனைவியின் சிகிச்சைச் செலவு மறுக்கப்பட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

நம் ஊழியர் தொடங்கியது தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரின் ஆங்கிலத்தில். எந்த ஊர் என்று சொல்லவே முடியாத ஆங்கிலம். முதியவர் தன் ஊரைச் சொன்னார். அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே குரல் இறங்கி, வேகம் குறைந்து, உயிரொலிகள் இடம் மாறின. 'ரைட்' என்பது 'ராட்' ஆனது. 'ஃபைல்' என்பது 'ஃபால்' ஆனது. 'டென்' என்றாரா 'டின்' என்றாரா என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தெற்கில் சமவெளிக்காரர்கள் 'ரைட்' என்பதை ஓரளவு முழுதாகவே சொல்வார்கள். 'ரைட்' வரைக்கும் தட்டையாக்குவது மலைக்காரர்களின் அடையாளம். எங்கள் அலுவலகம் இருக்கும் நாக்ஸ்வில்லில் சில ஆண்டுகள் காது கொடுத்தால் யாருக்கும் பழகிவிடும். மென்பொருளுக்குப் பழகவில்லை. மேல்முறையீட்டு உரிமை சொல்லப்படவே இல்லை என்று அது முடிவு கட்டியது. சொல்லப்பட்டிருந்தது. இரண்டு தடவை சொல்லப்பட்டிருந்தது. இரண்டாம் தடவை, கடிதத்தின் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்று முதியவரை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

நான் கேட்ட அழைப்புகளில் அதைவிடக் கவனமாகப் பேசப்பட்டதை எளிதில் சொல்ல முடியாது. இதைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். 1962இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கில் சாக்ஸ், மேசிஸ், எஸ். க்ளைன் என்ற மூன்று கடைகளுக்குப் போய், நான்காம் தளத்தில் இருக்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வந்ததும், காதில் விழாதவர் போல மறுபடி கேட்டார். இரண்டாம் தடவை அழுத்திச் சொல்லும்போது, அந்த ஊரில் பலர் விழுங்கிவிடும் 'ர்' கூடுதலாக ஒலித்தது. கவனம் கூடினால் மனிதர்கள் மதிப்புள்ள உச்சரிப்பை நோக்கி நகர்வார்கள் என்பது அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம். எங்கள் மதிப்பீட்டுப் படிவமும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது: தொழில்முறைப் பேச்சு என்றால் ஊர் தெரியாத பேச்சு. இவரோ கவனம் கூடக் கூட மலையை நோக்கிப் போனார். எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அங்கே கவனம்.

இதை அவரிடமே சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. "நான் அப்படிப் பேசியதே எனக்குத் தெரியாது" என்றார். பிறகுதான் குறிப்பைப் பற்றிக் கேட்டார். 'மென்பொருள் பிழை' என்று மட்டும் எழுதக் கூடாதா என்றார்.

எழுதியிருக்கலாம்தான். ஆனால் காரணக் கட்டத்தில் வெறுமனே 'மென்பொருள் பிழை' என்று போட்டால் தணிக்கைப் பிரிவு திருப்பி அனுப்பும். என்ன பிழை, ஏன் என்று கேட்கும். பிழையின் காரணத்தை எழுதாமல் அதைச் சரிசெய்யவும் யாரும் வரமாட்டார்கள். அமெரிக்காவின் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்து 2020இல் வந்த ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்கள் தவறாக விழுந்தன என்றால் கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொற்கள் தவறின. மலைப் பேச்சு வேறு கதை என்றாலும் நோய் ஒன்றுதான்: இயந்திரம் யார் பேச்சைக் கேட்டு வளர்ந்ததோ அவர்களைத்தான் அதற்குத் தெரியும். எங்கே தடுமாறுகிறது என்று எழுதிவைத்தால்தானே திருத்த முடியும்? இதையும் அவரிடம் விளக்கினேன். நீண்ட விளக்கம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஓக் ரிட்ஜ் பற்றிச் சொன்னார். எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2014இல் அங்குள்ள தேசிய ஆய்வகம், தெற்கத்திய உச்சரிப்பைக் குறைத்துக்கொள்ள ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பை அறிவித்தது. ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் கைவிட்டது. "கைவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். குறைத்துக்கொள்ள வேண்டிய பொருள் இது என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்" என்றார். என் வரி வகுப்பு அல்ல, வகுப்புக்கு எதிரான வரி என்று நான் சொன்னேன். "இரண்டுக்கும் ஒரே பெயர்ப்பட்டியல்தான் வேண்டும்" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை விடுவதில்லை. அப்போது அதை மிகை என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் மேற்பார்வையாளர் வடக்கே பஃபலோ நகரத்துக்காரர். 'பிளாக்' (block) என்ற கட்டடத் தொகுதியை அவர் சொன்னால், கறுப்பு என்ற பொருள் தரும் 'பிளாக்' (black) போலக் கேட்கும். பஃபலோ போன்ற ஏரிக்கரை நகரங்கள் பலவற்றில் அப்படித்தான். நன்றி நவிலல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு வாரத்துக்கு இன்னும் தூக்கலாக இருக்கும். தனக்கு உச்சரிப்பே கிடையாது என்று அவர் உளமார நம்புகிறார். அவர் பேச்சுக்கு மென்பொருள் தடுமாறி நான் பார்த்ததில்லை. அவருடைய கோப்பில் பஃபலோ என்ற சொல் படித்த ஊர் என்ற இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

என் கதையோ வேறு. எனக்கு உச்சரிப்பு உண்டு என்பது நான் வாயைத் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதை யாரும் எழுதிவைப்பதில்லை. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. உச்சரிப்பும் அதில் அடங்கும் என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் விளக்கியிருக்கிறது. வேலைக்கு உண்மையிலேயே இடைஞ்சலானால் ஒழிய என் பேச்சை என் மேல் பயன்படுத்த முடியாது. நம் ஊழியரோ இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஒரே மாநிலத்தில் மலைக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. கடல் கடந்து வந்தவனுக்குக் கிடைத்த குடை, பக்கத்து மலையிலிருந்து இறங்கி வந்தவருக்குக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாது. எனக்கே பின்னால்தான் உறைத்தது. உறைத்த பிறகும் வரியை எடுக்காததற்கு என்னிடம் காரணம் இருக்கிறது: எடுத்தால் மதிப்பெண்ணும் சேர்ந்து போய்விடும்.

இங்கே நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் என்று நம்மூரை இழுத்துவரக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். சென்னையில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. கோப்பில் ஏற்றியவர் யாருமில்லை. அமெரிக்காவிலும் இந்தப் பேச்சைக் கேட்க மக்கள் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். பாடகி டாலி பார்ட்டன் பிறந்த செவியர் கவுண்டி எங்கள் அலுவலகத்திலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். அதே உயிரொலிகளை மேடையில் கேட்டால் உருகுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத் தொலைபேசியில் கேட்டால், விவரம் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். நியூ ஜெர்சியிலிருந்து அழைத்த ஒருவர் நம் ஊழியரிடமே அப்படிக் கேட்ட பதிவு என்னிடம் இருக்கிறது. அவர் அன்று மலைப் பேச்சைப் பேசக்கூட இல்லை. ஒரே ஒரு சொல் நழுவியிருந்தது.

அந்தக் குறிப்புக்குப் பிறகு அவருடைய அழைப்புகள் மாறின. ஹான்காக் கவுண்டியிலிருந்து பேசினாலும் சரி, பாஸ்டனிலிருந்து பேசினாலும் சரி, ஊர் தெரியாத ஆங்கிலம்தான். மென்பொருள் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடுவதில்லை. மதிப்பெண்கள் அருமை. ஒரு மூதாட்டி, "நீ எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறாய், மகளே?" என்று கேட்டபோது, "நாக்ஸ்வில்" என்று சொல்லிவிட்டு உறுப்பினர் எண்ணைக் கேட்டார். நூற்றுக்கு நூறு கொடுத்தேன். குறைக்க எனக்குக் கட்டம் இல்லை. என் வரியால்தான் மாறினார் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில்தான் அவர் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். பதவி கிடைத்தது. அந்த வரி அதைத் தடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். யாருக்காகப் பதிவு செய்கிறேன் என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்கிடையில் என் வரி வளர்ந்துவிட்டது. தணிக்கைப் பிரிவுக்கு அது பிடித்துப்போய், திருத்தப் படிவத்தில் 'வட்டார உச்சரிப்பு' என்ற தேர்வையே சேர்த்துவிட்டார்கள். இளைய ஊழியர்கள் சிலர் தாமாகவே வந்து தங்கள் பெயரை அதில் போடச் சொல்கிறார்கள். மார்கன் கவுண்டிப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "என் பாட்டியால் கிடைத்த ஊக்கத்தொகை" என்றான். அவர்களுக்கு அது அவமானமாகத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது எந்த வகை நியாயம்?

போன வாரம் மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அந்தத் தேர்வில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்து, மலை மாவட்டங்களிலிருந்து வரும் அழைப்புகளை அவர்களுக்கும், வடக்கு மாநிலங்களின் அழைப்புகளை மற்றவர்களுக்கும் திருப்பிவிடலாமா என்று கருத்துக் கேட்டிருக்கிறார். அந்த முதியவரைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் பெரிய நிறுவனக் கணக்குகளும் பதவி உயர்வுகளும் வடக்கு அழைப்புகளில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். பயிற்சியாளராகிவிட்ட அவருக்கும் அதே மின்னஞ்சல் போயிருக்கிறது. முதலில் யார் எழுதுவது என்று இருவருமே இன்னும் பேசிக்கொள்ளவில்லை.