கலர் விஷன்: வைவாவில் என்னை நிறுத்திய கேள்வி

நேற்று சப்ளிமெண்டரி ரிசல்ட் வந்தது. ஃபிசியாலஜியில் பாஸ். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அடுத்த பேட்ச் யாரும் என்னைப் போல மாட்டக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

போன முறை, கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகை கோன் செல்கள் உண்டு என்கிற யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் கொள்கையை ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கலர் விஷன் முடிந்தது என்று நம்பினேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸாமினர் வெள்ளைத் தாளின் மேல் சிவப்புப் பேனா மூடியை வைத்தார். "அரை நிமிஷம் கண்ணை எடுக்காமப் பாரும்மா." அப்புறம் மூடியை எடுத்தார். அதே இடத்தில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு கறை மிதந்தது. கோன் களைத்துவிட்டது என்றேன். "சரி, சிவப்பு கலந்த பச்சைன்னு ஒண்ணை ஏன் நாம பாக்கறதே இல்ல?" எனக்கு வாயே திறக்கவில்லை.

இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: தனியாக ஒரு கோனுக்கு நிறம் தெரியாது. எத்தனை ஃபோட்டான் பிடித்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும். மங்கலான பச்சையும் பளிச்சென்ற சிவப்பும் எம் கோனிடமிருந்து (பச்சைக்கு அதிகம் தூண்டப்படுவது) ஒரே சிக்னலாக வரலாம். எல் கோன் (சிவப்புப் பக்கம் சாய்ந்தது), எம் கோன் என வெவ்வேறு கோன்களை ஒப்பிட்டால்தான் நிறம் பிறக்கிறது. அந்த ஒப்பீடு ரெட்டினாவிலேயே (விழித்திரை) தொடங்குகிறது. மூளைக்குச் சிக்னல் அனுப்புவது கேங்கிலியான் செல்; அதில் சிவப்புக்குத் தூண்டப்படும் செல் பச்சைக்கு அடங்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் சொல்ல அதனால் முடியாது. ஹெரிங் என்ற விஞ்ஞானியின் எதிர்நிறக் கொள்கை சொன்னது இதைத்தான். யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஹெரிங்கும் சண்டைக்காரர்கள் இல்லை. ஒன்று கோனில், மற்றது அதற்கடுத்த கட்டத்தில்.

எழுதும்போது:

- முதலில் படம். கோன், கேங்கிலியான், எல்ஜிஎன் (மூளையின் தலாமஸில் உள்ள இடைநிலையம்), வி1 பிளாப் (பார்வைக்கான முதல் மூளைப் பகுதியில் நிறத்துக்கான திட்டுகள்), வி4 (நிறத்தைக் கையாளும் மூளைப் பகுதி).
- எல்ஜிஎன்னில் சிவப்பு–பச்சை பார்வோ அடுக்குகள் (3 முதல் 6), நீலம்–மஞ்சளுக்குக் கோனியோ (அடுக்குகளுக்கு இடையிலுள்ள சிறு செல்கள்).
- நீல (எஸ்), எம், எல் கோன்களின் உச்ச அலைநீளம் முறையே சுமார் 420, 530, 560 நானோமீட்டர். புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், ஒன்றையே படியுங்கள்.
- ஃபோவியாவின் (ரெட்டினாவில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் குழி) நட்டநடுவில் நீலக் கோன் கிடையாது.
- வி4 பகுதி பாதித்தால் கண் நன்றாக இருந்தும் உலகம் சாம்பலாகிவிடும்.

நிறக்குருடு பற்றி எழுதிய, தானே நிறக்குருடான விஞ்ஞானி ஜான் டால்டனையும் விடாதீர்கள். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலம் என்று அவர் நம்பினார். 1995-இல் அவருடைய கண்ணின் டிஎன்ஏவைப் பார்த்தபோது எம் கோனுக்கான ஜீன் இல்லை. டியூட்டரனோபியா (எம் கோன் இல்லாத நிறக்குருடு) எது என்பது எனக்கு அப்படித்தான் மறக்காமல் நின்றது.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. தினமும் படுக்கும் முன் அந்தப் படத்தைப் பார்க்காமல் வரைவேன். நான்கு நிமிஷத்துக்குள் முடித்த அன்றுதான் காது பாடத்தைத் திறந்தேன்.