தரை காயும் வரை

டிசம்பர் 9, 2023, சனி

வெள்ளம் வடிந்து மின்சாரம் வந்ததும் அம்மாவின் அறையில்தான் முதல் விளக்கைப் போட்டேன். சுவரில் நீர் நின்ற இடம் பழுப்புக் கோடாகப் பதிந்திருக்கிறது. அளந்து பார்த்ததில் தரையிலிருந்து சரியாக 31 சென்டிமீட்டர். மரத்தரை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பலகைகள் சேரும் இடமெல்லாம் மேடு தட்டி, வெறுங்காலில் நடந்தால் விரல் இடறுகிறது.

டிசம்பர் 10, ஞாயிறு

பலகையை மிதித்தால் இணைப்பின் வழியே கறுப்பு நீர் கசிகிறது.

டிசம்பர் 11, திங்கள்

சென்னை மடிப்பாக்கம் முழுவதும் எல்லா வீட்டிலும் வேலை இருப்பதால், பத்து நாளைக்கு ஆசாரி எவரும் கிடைக்கமாட்டார்கள் என்று தெரிந்து, எதிர் வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே கடப்பாறையால் ஒரு மூலையைப் பெயர்த்தேன். 8 மில்லிமீட்டர் பலகை விளிம்பில் ஒரு விரல் கனத்துக்கு ஊதியிருந்தது. நகத்தால் கிள்ளினால் ஊறிய அவல் போல உதிர்ந்து கையோடு வந்தது. மேலே தெரிந்த தேக்கு ரேகை ஒரு தாளில் அச்சிட்ட படம்தான், உள்ளே இருப்பது பசையிட்டு அழுத்திய மரத்தூள். அதன் அடியில் விரித்திருந்த நுரைத்தாளைத் தூக்கியபோதுதான் அறை முழுவதும் அந்த வாடை எழுந்தது. தாளின் மேற்புறத்தில் எள்ளைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். சுவரோரத்தில் அவை ஒன்றுசேர்ந்து கரும்பச்சைப் படலமாகியிருந்தன. கட்டிலின் கால் நின்ற இடத்தில் மட்டும் பஞ்சு போல வெள்ளையாக முளைத்திருந்தது. ஈரம் நின்றால் ஒன்றிரண்டு நாட்களிலேயே பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். இங்கே ஒரு வாரம் ஆகிவிட்டது.

இரவு அம்மா திருச்சியிலிருந்து அழைத்தார்கள். தம்பி வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் தன் கட்டிலில் படுத்தால்தான் உறக்கம் வருகிறது என்றார்கள். தரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 13, புதன்

பலகைகள் முழுவதையும் எடுத்தாயிற்று. கதவைச் சாத்தி, இரண்டு முகக்கவசம் அணிந்து, பூசணம் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாகப் பையில் கட்டி வெளியே வைத்தோம். கீழே அப்பா 1986-இல் போட்ட மொசைக் தரை அப்படியே இருக்கிறது, சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்த பிறகு சாம்பல் நிறச் சில்லுகளுக்கு இடையே பச்சைச் சில்லுகள் தெரிந்தன. வாடை போகவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. வாசலில் கோலம் போட்டுவிட்டு அறைக்குள் போனால், தரையிலும் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது. நேற்றுத் துடைத்த இடத்திலேயே மீண்டும் உப்பு பூத்திருக்கிறது. அடியிலிருந்து ஈரம் ஏறி வரும்போது அதில் கரைந்த உப்பு மேலே தங்கி வெளுக்கிறது. துடைத்தால் உப்புதான் போகும், ஈரம் போகாது.

டிசம்பர் 19, செவ்வாய்

ரேஷன் கடையில் நிவாரணத் தொகை 6000 ரூபாய் பெற்றேன். கொத்தனார் வந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு மொசைக்கின் மேலேயே டைல்ஸை ஒட்டிவிடலாம், பொங்கலுக்கு அம்மாவை அழைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 20, புதன்

உறக்கம் வராததால் எழுதுகிறேன். இந்த மரத்தரையைப் போடச் சொன்னவள் நான்தான். 2019-இல் அம்மா குளியலறையிலிருந்து ஈரக்காலோடு வந்து மொசைக்கில் வழுக்கி விழுந்தபோது, இடுப்பு எலும்பு தப்பியதே பெரிது என்று மருத்துவர் சொன்னார்; அந்தப் பயத்தில், காலுக்கு இதமாகவும் குளிராமலும் இருக்கும் என்று தேடித் தேடி இதைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விற்றவர்கள் சொன்னார்கள். இன்று பழைய ரசீதை எடுத்துப் படித்தால், மேலே சிந்தும் தண்ணீரை உடனே துடைத்தால் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் இதே அறைக்குள் தண்ணீர் வந்தது. அப்போது மொசைக்கை ஃபினாயில் போட்டுக் கழுவி, ஜன்னலைத் திறந்துவைத்தோம், தை பிறப்பதற்குள் எல்லாம் மறந்துபோயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு அருகில் தரைத்தளத்தில் குடியிருந்துகொண்டு, அதைப் பார்த்த பிறகும் நுரையும் மரத்தூளும் கொண்டுவந்து தரையை மூடினேன். அம்மாவுக்கு மூச்சிளைப்பு இரண்டு ஆண்டுகளாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பலகைகளுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்திருக்குமோ என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

டிசம்பர் 21, வியாழன்

நேற்று ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் தரையோடு டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி வைத்தேன். 16 மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதுமாம். விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, தாளின் உட்புறம் முழுவதும் கடுகளவு துளிகள். விரலால் தட்டியதும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓரத்துக்கு ஓடின. அறையின் காற்றில் இருக்கும் ஈரம் அந்தத் தாளுக்குள் போக வழியில்லை, அது தரைக்குள்ளிருந்து வந்த நீர். கொத்தனாருக்கு அதன் படத்தை அனுப்பினேன்.

டிசம்பர் 27, புதன்

கொத்தனார் வந்து கம்பியின் முனையால் தரை முழுவதும் தட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கெட்டியாக ஒலித்தது. கட்டில் இருந்த பக்கம் பொக்கென்று கேட்டது. வெள்ளம் வடியும்போது அடியிலிருந்த மணலையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும், அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் ஆறு மாதத்தில் விரிசல் விடும் என்று அவரே சொன்னார். ஒட்டச் சொன்னவரே இப்படிச் சொன்னதில் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடிற்று.

மொசைக்கை எடுத்துவிட முடிவு செய்தோம்.

டிசம்பர் 28, வியாழன்

அப்பாவின் தரை மூன்று மணி நேரத்தில் 42 மூட்டை ராபிஷ் ஆனது. பச்சைச் சில்லு உள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 3, 2024, புதன்

மணலை நிரப்பித் திமிசால் இடித்து, அதன் மேல் கனமான பாலித்தீன் விரித்து, மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டார்கள். பாலித்தீன் இரண்டு தாள்கள் சேரும் இடத்தில் ஓர் அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும் என்பதிலும், சுவரோரத்தில் மடித்து மேலே ஏற்ற வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதமாக நின்றேன். நிலத்திலிருந்து ஏறும் ஓதத்தை இனி அதுதான் தடுக்க வேண்டும். ஆனால் கான்கிரீட் இறுக ஏழு நாட்கள் தண்ணீர் தேக்க வேண்டுமாம். ஒரு மாதமாகக் காய வைத்த அறையில் இன்று என் கையாலேயே தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 8, திங்கள்

மழை. வாசற்படியில் உட்கார்ந்து தெருவில் ஏறும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் படியோடு நின்றுவிட்டது.

ஜனவரி 11, வியாழன்

தேக்கிய தண்ணீரை வடித்துவிட்டு ஏசியை ஈரம் வாங்கும் நிலையில் வைத்தேன். அதன் குழாயின் அடியில் வாளி வைத்திருக்கிறேன். காலையில் முக்கால் வாளி இருந்தது. அத்தனையும் இந்த அறையின் காற்றில் இருந்த நீர்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பின்கட்டில் கிடக்கும் பலகைகளைக் கொளுத்திவிடலாமே என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்கள். அவை வெறும் மரம் அல்ல, பிசினும் பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தவை, அந்தப் புகை தெருவில் இருக்கும் எல்லோருக்கும் கெடுதல் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அம்மா இல்லாமல் வைத்த முதல் பானை. தொலைபேசியில் பால் பொங்கும் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

ஜனவரி 20, சனி

சைடன்ஹாம்ஸ் சாலையில் ஏழு டைல்ஸ் கடைகள் ஏறி இறங்கினேன். பளபளப்பானவை அழகாக இருக்கின்றன, ஆனால் நனைந்த காலுக்கு அவை உதவா. ஒவ்வொரு கடையிலும் டைல்ஸ் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். கடைசியில் சொரசொரப்பான, மணல் நிறமுள்ள விட்ரிஃபைடு வகை கிடைத்தது. அது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது. அதனாலேயே வெறும் சிமெண்டுப் பாலில் சரியாகப் பிடிக்காது, ஒட்டுவதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். பசை 14 மூட்டைகள்.

ஜனவரி 24, புதன்

வாளியில் கால் பங்கு.

ஜனவரி 30, செவ்வாய்

பிளாஸ்டிக் தாளில் துளி இல்லை. தரையின் நிறம் மட்டும் அந்தச் சதுரத்தில் சற்று அழுத்தமாக இருந்தது, பிரித்த அரை மணியில் அதுவும் மறைந்தது. தரையில் குப்புறப் படுத்து முகர்ந்து பார்த்தேன். சிமெண்டு வாசனைதான் வந்தது. கான்கிரீட் போட்டு நாளையோடு 28 நாட்கள். அம்மாவிடம் பிப்ரவரி என்று முதல்முறையாக ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னேன்.

பிப்ரவரி 3, சனி

டைல்ஸ் பதிக்கும் வேலை முடிந்தது. பல்லுள்ள கரணையால் பசையை வரி வரியாக இழுத்து, ஒவ்வொரு கல்லையும் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் பார்த்தார்கள். இடையில் ஒரு கல்லைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அடிப்புறம் முழுவதும் பசை பிடித்திருந்தது. வாசல் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் மீண்டும் வந்தால், தானாக வெளியேறட்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அம்மாவுக்குப் பல்லவன் ரயிலில் வரும் சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்துவிட்டதாகத் தம்பி சொன்னான். அம்மா குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டதும், இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சுவரின் அடியோரத்தில் ஒட்டும் ஸ்கர்டிங் கற்களை இன்னும் ஒட்டவிடவில்லை. பழுப்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேல் வரை பூச்சைக் கொத்திச் செங்கலைத் திறந்து வைத்திருக்கிறேன். தரைக்கு அடியில் தடுப்புப் போட்டாயிற்று, சுவருக்கு அப்படி எதுவும் இல்லை. கட்டிலின் தலைமாடு வரும் இடத்தில் செங்கல் இன்னும் கறுத்தே இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பிரிக்க வேண்டும்.