மடங்கிய விரலுக்குக் கரிகிரியில் ஆபரேஷன்: என் அனுபவம்

தொழுநோய் மருந்து சாப்பிட்டு முடித்தும் விரல் மடங்கியே இருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப்போயிருந்தன. டீ மாஸ்டர் வேலை வேறு, பால் சட்டி சுட்டுக் கொப்பளித்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரியும். முதுகில் இருந்த உணர்ச்சியில்லாத தேமலைப் படை என்று நினைத்து ஒரு டாக்டர் ரொம்ப நாள் களிம்பே கொடுத்துக்கொண்டிருந்தார், அதற்குள் இந்த விரல்களுக்குப் போகிற முழங்கை நரம்பு கெட்டுவிட்டது.

எம்.டி.டி. என்கிற தொழுநோய்க் கூட்டு மருந்து மாத்திரை அட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், எனக்கு 12 மாதம் கொடுத்தார்கள். மாதத்தில் அந்தப் பெரிய டோஸ் போடுகிற அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், நாளாக நாளாகத் தோல் கறுக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கிருமி செத்தாலும் செயலிழந்த தசை தானாகத் திரும்பாது. அதற்குத்தான் காட்பாடி பக்கம் இருக்கிற கரிகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1955-இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி. மடங்கிய விரலைத் தசைநார் (தசையை எலும்போடு இணைக்கிற நார்) மாற்றி நிமிர்த்தும் ஆபரேஷனை டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் வேலூரில்தான் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்.

போனவுடன் கத்தி வைத்துவிட மாட்டார்கள். கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் உள்ளங்கையில் அங்கங்கே தொட்டார்கள், மெல்லிய இழை, அப்புறம் தடித்தது; சுண்டு விரல் பக்கம் எனக்கு எதுவுமே தெரியவில்லை. ஆறு மாதமாவது நரம்பு வீக்கமோ, தோல் திடீரென்று சிவந்து வீங்குகிற ரியாக்‌ஷனோ வராமல் இருந்தால்தான் ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபியும் உண்டு: மெழுகு ஒத்தடம், எண்ணெய் தடவி நீவுவது, விரலை நிமிர்த்தி நிமிர்த்திப் பழக்குவது. மூட்டு விறைப்பாக இருந்தால் உள்ளே தசைநாரை மாற்றி வைத்தும் பிரயோஜனம் இல்லையாம். இதில் சோம்பல் படாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் சிஸ்டர் ஜெபம் செய்தார், நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேன். மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள், என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவிரலை மடக்குகிற தசைநார் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிரித்து, மடங்கிய இரண்டு விரல்களிலும் இணைத்தார்கள். மூன்று வாரம் போல மாவுக்கட்டு. கஷ்டம் அதற்கு அப்புறம்தான். விரலை நேராக வைத்தபடியே அடிமூட்டில் மட்டும் மடக்கு என்பார் பிசியோ, மூளை இன்னும் பழைய நினைப்பிலேயே இருக்கும், நடுவிரலை அசைக்க நினைத்தால் பக்கத்து விரல்கள் ஆடும், சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். ஒருநாள் நான் சொன்னபடி அவை மடங்கின. கட்டு அவிழ்த்தவுடன் வேலை இருக்கிறது என்று ஊருக்கு ஓடிவிடுகிறவர்களும் உண்டு, பயிற்சியை விட்டால் ஆபரேஷன் செய்ததே வீண்.

முக்கியமான விஷயம், உணர்ச்சி திரும்பி வராது. கிளாஸை ஒழுங்காகப் பிடிக்கிறேன், ஆனால் சட்டியைத் துணி இல்லாமல் தொடுவதில்லை, ராத்திரி கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

கரிகிரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்களுக்கு: இப்போது அது பொது ஆஸ்பத்திரியும்தான், சர்க்கரை நோயில் கால் புண் வந்தவர்களும் அங்கே வருகிறார்கள். போகும்போது மருந்து அட்டை, பழைய சீட்டுகள், ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் எடுத்துப் போங்கள். இந்த ஆபரேஷனுக்கு அரசுத் திட்டத்தில் உதவித்தொகை உண்டு, உங்களுக்குக் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள். கட்டுப் போட்ட கையோடு சாப்பிடக்கூட முடியாது, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிப்போங்கள்.