நாலந்தாவில் அப்பாயி

கல்லில் கை வைத்துத் தடவிவிட்டு அப்பாயி கேட்டார்: "இது நம்ம கோயிலா, அவங்க விகாரையா?"

சட்டென்று பதில் வரவில்லை.

இலங்கையின் மாத்தளையில் தம்புள்ளை பஸ் பிடித்து, இறங்கி, வெயிலில் நடந்து வந்து நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கட்டடத்தின் முன்னால் நிற்கிறோம். மேலே குதிரை லாட வடிவில் ஒரு கூடு. அதற்குள் தொப்பையோடு குபேரன். மாமல்லபுரத்து ரதங்களைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும், பல்லவர் பாணி. பக்கத்திலேயே சிதைந்த தாதுகோபுரம், பௌத்தர்களின் தூபி.

"ரெண்டும்தான் அப்பாயி."

வடக்கே பழைய சிங்கள அரசர்களின் ராஜரட்டை, தெற்கே மலைநாடு. எல்லையில் இருக்கும் இடம் வேறு எப்படி இருக்கும்? 12ஆம் நூற்றாண்டில் சிங்கள அரசன் பராக்கிரமபாகு, பொலன்னறுவையை ஆண்ட கஜபாகுவோடு மோதிய காலத்தில் இங்கேதான் கோட்டை வைத்திருந்தான். அந்தக் கோட்டையை நான் தேடியும் காணவில்லை. கோயில் மட்டும் நிற்கிறது.

அதுவும் பழைய இடத்தில் இல்லை. மகாவலி ஆற்றுத் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, தண்ணீரில் மூழ்காமல் இருக்கக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்ப அடுக்கினார்கள்.

இதைச் சொன்னதும் அப்பாயி சிரித்துவிட்டார்.

"கல்லுக்கு வேற எடம் குடுத்துட்டாங்க. நம்ம லயத்துக்குத்தான் இன்னும் குடுக்கல."

மண்சரிவு அபாயம் என்று, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போய் எத்தனையோ மழை பெய்துவிட்டது.

கிளம்பும்போது கொண்டையில் இருந்த பூவை எடுத்து வாசற்படியில் வைத்தார். காவலாளி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.