க்ளவ் பாக்ஸின் உடைந்த காது

எங்கள் பழைய காரில் முன் இருக்கை பெரும்பாலும் அம்மாவுக்குத்தான். க்ளவ் பாக்ஸைத் திறந்தால் மூடி ஒரு பக்கமாகச் சரிந்து அவர் முழங்காலில் இடிக்கும். அடியில் கீல் மாட்டும் இரண்டு காதுகளில் வலது காது, கம்பி நுழையும் துளையோடு சேர்ந்து பிளந்திருந்தது. நகத்தளவு பிளாஸ்டிக் போனதற்காக முழுப் பெட்டியையும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. பல கார்களில் பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்ளே அழுத்தினால் தடுப்பு முளைகள் விடுபட்டுப் பெட்டி முழுதாக இறங்கிவிடும், பிறகு கீலிலிருந்து இழுத்து எடுக்கலாம். நிதானமாக அழுத்துங்கள், வயதான பிளாஸ்டிக் வளைவதற்கு முன்பே முறியும். பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் நிற கனெக்டரோ ஒயரோ தெரிந்தால் அது அனேகமாக ஏர்பேக்குடையது. அதைத் தொடவே வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாகத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். எந்த வகை பிளாஸ்டிக் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். என்னுடையதில் ஏபிஎஸ் என்று இருந்தது. பிபி என்று இருந்தால் அது பாலிப்ரோபிலீன். சாதாரண சூப்பர் க்ளூவோ எபாக்ஸியோ அதைப் பிடிக்காது, அதற்கென்று விற்கும் ப்ரைமர் பூச வேண்டும் அல்லது சூட்டால் உருக்கி இணைக்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் உடைந்த துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பிபி பொதுவாக மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

ஏபிஎஸ் என்றால் நல்ல செய்தி, அசிட்டோன் அதைக் கரைக்கும். அதே பெட்டியின் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பிலிருந்து கொஞ்சம் சீவி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் சுத்தமான அசிட்டோனில் ஊறப் போட்டேன். மறுநாள் தேன் பதத்தில் கூழாகியிருந்தது. உடைந்த இரண்டு முகங்களிலும் தடவிச் சேர்த்தால் பழைய பிளாஸ்டிக்கும் இளகிக் கூழோடு கலந்துவிடும். காய்ந்த பிறகு அது ஒட்டு இல்லை, ஒரே துண்டு. சூப்பர் க்ளூ இறுகிப் பிடிக்கும்தான், ஆனால் வளைவையும் அதிர்வையும் தாங்காது. ஹாட் க்ளூவை நினைக்கவே வேண்டாம், வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் இளகிவிடும்.

துளையின் பாதி வட்டம் உதிர்ந்து போயிருந்தது. கீல் கம்பியின் பருமனுள்ள ஓர் ஆணியில் வாசலின் தடவித் துளையில் நிறுத்தி, அதைச் சுற்றிக் கூழை மெல்லிய அடுக்குகளாக ஏற்றினேன். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும், காயும்போது சுருங்கவும் செய்யும். இரண்டு அடுக்குக்கு நடுவே, விரிசலுக்குக் குறுக்காக ஒரு பேப்பர் கிளிப் கம்பித் துண்டையும் பதித்தேன். முழுதாகக் காய்ந்ததும் ஆணியைத் திருகி உருவ, துளை வட்டமாக நின்றது. உப்புத்தாளால் தேய்த்து முடித்தபோது வந்த சந்தோஷம் உண்மையிலேயே பெரியது. (அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வெளியே தெரியும் பரப்பில் ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் போகாது, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள்.)

சரி, காது ஏன் உடைந்தது? வெயிலும் வயதும் ஒரு காரணம். ஏபிஎஸ்ஸுக்கு உறுதி தரும் ரப்பர் பகுதியைச் சூடும் புறஊதாக் கதிரும் கெடுத்துவிடும், பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகும். ஆனால் அடி கொடுத்தது வேறு. மூடி இறங்கும்போது தாங்க வேண்டிய தடுப்பு முளைகளில் வலது பக்க ரப்பர் உறை காணவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடியின் எடை முழுதும் வெட்டென்று அந்தக் காதில்தான் இறங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காதை மட்டும் சரிசெய்தால் மறுபடியும் அதே இடத்தில்தான் உடையும். தடித்த ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி முளையில் மாட்டினேன். இடது காதிலும் மயிரிழை விரிசல் தெரிந்ததால் மிச்சமிருந்த கூழை அங்கே பூசிவிட்டேன். பெட்டியில் கிடந்த கனமான டார்ச் இப்போது டிக்கியில் இருக்கிறது.